ஒன்று மேலே, ஆறு கீழே

ரயிலில் தினமும் என் பக்கத்தில் உட்காருகிற அம்மாள், நான் பெங்களூரில் ஏதோ ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறேன் என்றே ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார். அவர் மேல் தப்பில்லை. காலையில் தங்கவயல் உரிகம் ஸ்டேஷனில் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்ததும் எனக்குப் போன் வரும். கூட்டத்தின் இரைச்சலில் நானும் உரக்கத்தான் பேசுவேன். "தொப்புள் நல்ல அகலம் சார். விலா எல்லாம் முக்கால் தூரத்துலயே நின்னுடுது. வயித்துப் பக்கம் ஒண்ணுமே இல்ல, வழவழன்னு இருக்கு." இதை நாள் தவறாமல் கேட்கிறவர் வேறு என்னதான் நினைப்பார்? ஒருநாள் மருமகளின் ரிப்போர்ட்டைப் பையிலிருந்து எடுத்து என் மடியில் வைத்துவிட்டார்.

"ஆணா பொண்ணான்னு கேக்கல மா. அது கேக்கக் கூடாதுன்னு எனக்கும் தெரியும். நல்லா கீதான்னு மட்டும் பாத்து சொல்லு."

நான் பார்ப்பது மனிதர்களை இல்லை, கல்லாகிப் போன சங்குகளை, போனில் கேட்கிறவர் எங்கள் துறைத் தலைவர் என்று சொன்னேன். அவர் முகம் தொங்கிவிட்டது. என் வேலை என்னவென்று தெரிந்ததும் எல்லோர் முகமும் அப்படித்தான் ஆகும். எனக்குப் பழகிப்போய்விட்டது.

பெங்களூரில் ஒரு கல்லூரியில் நிலவியல் துறையில் தற்காலிக விரிவுரையாளராக இருக்கிறேன். தற்காலிகம் என்ற சொல்லுக்கு இவ்வளவு நீண்ட ஆயுள் உண்டு என்று சேர்ந்தபோது எனக்குத் தெரியாது. தங்கவயலிலிருந்து போகவர ரயிலிலேயே பாதி நாள் கரைந்துவிடும். வீடு திரும்பும்போது முழங்கால் இரண்டும் என்னுடையவை மாதிரியே இருக்காது. ஒவ்வொரு ஜூன் மாதமும் எங்கள் வேலையைப் புதுப்பிப்பார்களா மாட்டார்களா என்று காத்திருந்து காத்திருந்து தலை நரைத்துவிட்டது. இந்த வேலையில் எனக்கென்று மிஞ்சப்போவது ஒன்றே ஒன்று என்று நினைத்திருந்தேன். அது ஒரு சங்கு.

அம்மோனைட் என்று சொல்வார்கள். கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும் தூரத்துச் சொந்தமான ஒரு கடல் பிராணி. டைனோசர்கள் அழிந்த காலத்தோடு இதுவும் பூண்டோடு போய்விட்டது. மிஞ்சியது ஓடு மட்டும்தான். தன்னைத் தானே சுற்றிப் படுத்திருக்கும் சுருள் ஓடு. பூஜை அறையில் வைக்கிற சாளக்கிராமத்துக்குள் தெரிவதும் இதன் சுருள்தான். இதைச் சொன்ன நாளிலிருந்து ரயில் அம்மாள் எனக்குக் கொஞ்சம் மரியாதை கூட்டித் தர ஆரம்பித்தார். ஒன்று கிடைக்குமா என்றும் கேட்டுவைத்தார்.

இந்த ஓடுகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து அறிவதற்கு ஐந்தாறு இடங்களைப் பார்க்க வேண்டும். சுருளின் நடுவில் உள்ள பள்ளத்துக்குத் தொப்புள் என்று பெயர். வெளிச் சுற்று உள்சுற்றை இறுக்கி மூடினால் தொப்புள் சின்னதாக இருக்கும், தளர்வாகச் சுற்றினால் அகலமாகும். தொப்புளிலிருந்து வெளிப்பக்கம் ஓடும் வரம்புகள் விலாக்கள். வெளி விளிம்புக்கு வயிறு என்று பெயர், ஏனென்றால் அந்தப் பிராணி வயிற்றை வெளிப்பக்கம் வைத்துத்தான் உள்ளே இருந்தது. சிலவற்றுக்கு வயிற்றின் மேல் கூரை முகடு மாதிரி ஒரு மேடு ஓடும், சிலவற்றுக்கு ஓடாது. ஓட்டின் உள்ளே அடுக்கடுக்காக அறைகள். அறைச் சுவர் ஓட்டைத் தொடும் இடத்தில் தையல் போட்ட மாதிரி வளைந்து நெளிந்த கோடு விழும். அந்தத் தையல் கோடுதான் எங்களுக்கு எல்லாம். அதை லென்ஸ் வைத்துப் பார்த்துப் பார்த்து வரைவதில் என் இடது கண் கெட்டது.

என் சங்கின் தொப்புள் அகலம். விலாக்கள் நேராகப் புறப்பட்டு, முக்கால் தூரம் போய், முன்பக்கமாகச் சாய்ந்து மங்கிவிடும். வயிற்றில் முகடு இல்லை. இந்த அடையாளங்கள் எல்லாம் அப்படியே உள்ள ஒரு பேரினம், ஜீனஸ் என்பார்கள், ஏற்கெனவே உண்டு. வெள்ளைக்காரர் காலத்திலேயே யாரோ பார்த்து, விவரம் எழுதி, பெயரும் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அதிலிருந்து என்னுடையது எங்கே வேறுபடுகிறது என்று காட்டுவதில்தான் என் வருஷங்கள் போயின. பழையதில் தொப்புளின் ஓரத்தில் சின்னச் சின்ன முடிச்சுகள் உண்டு, என்னுடையதில் இல்லை. தையல் கோட்டில் முதல் மேடு பழையதில் முழுசாக இருக்கும், என்னுடையதில் இரண்டாகப் பிளந்திருக்கும். இவ்வளவுதான் வித்தியாசம். சின்ன வித்தியாசம் என்று எனக்கே தெரியும். முடிச்சுகள் தேய்ந்தும் போகலாம். மேடு வயதாக ஆகப் பிளக்கவும் செய்யலாம்.

ஆனால் எனக்கு ஒரு பெரிய பிடி இருந்தது. அரியலூர்ப் பக்கத்துப் பாறைகளில் சிப்பிகளே குவிந்து கிடக்கும் ஒரு பட்டை உண்டு. பழைய பேரினம் அந்தச் சிப்பிப் பட்டைக்குக் கீழே மட்டும்தான் கிடைத்திருக்கிறது. அதற்கு மேலே ஒன்றுகூட இல்லை. என் சங்குகளோ சிப்பிப் பட்டைக்கு மேலே, பிற்காலத்தில் படிந்த பட்டைகளிலிருந்து வந்தவை. பழையது அழிந்து வெகுகாலம் கழித்து, வேறு வழியில் வந்து, பார்வைக்கு மட்டும் ஒத்துப்போகிற ஒன்று. அப்படியானால் அந்தச் சின்ன வித்தியாசங்களுக்குப் பலம் வந்துவிடுகிறது. புதுப் பேரினம் என்று தைரியமாகச் சொல்லலாம்.

இதில் என்னைவிட என் வீட்டுக்காரருக்குத்தான் ஆசை அதிகம். தொழிற்சாலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். என் அப்பாவும் அதே தொழிற்சாலைக்குத்தான் டிராஃப்ட்ஸ்மேன் வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தார். நான் வளர்ந்தது தொழிற்சாலைக் குடியிருப்பில். வீட்டுக்காரர் வளர்ந்தது நந்திதுர்க் சுரங்கத்துப் பக்கத்தில், சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில். அவர்கள் பௌத்தக் குடும்பம், நாங்கள் வேறு. கல்யாணத்துக்கு இரண்டு பக்கமும் முகத்தைத் திருப்பிக்கொண்டதெல்லாம் பழைய கதை. புதுப் பேரினத்துக்கு நம் ஊர்ப் பெயர் வைக்கப் போகிறேன் என்று ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் அந்தப் பௌர்ணமிக்கே புத்த விகாரில் சொல்லிவிட்டார். ஆண்டர்சன்பேட்டை டீக்கடையில் சொல்லிவிட்டார். பூதிகோட்டையிலிருந்து காய்கறி கொண்டுவருகிறவருக்குக்கூடச் செய்தி போய்விட்டது.

"அரியலூர்க் கல்லுக்கு எதுக்குங்க நம்ம ஊரு பேரு?" என்று நானே கிண்டல் செய்தேன்.

"எறங்கி எடுத்தது யாரு?" என்றார்.

எடுத்தது அவர்தான், அதை மறுக்க முடியாது. பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னால் ஒரு கோடை விடுமுறையில் நாங்கள் இரண்டு பேரும் அரியலூர்ப் பக்கம் போனோம். வருஷா வருஷம் போவதுதான். மற்றவர்கள் மாமியார் வீட்டுக்குப் போவார்கள், நாங்கள் ஓடைக்குப் போவோம். அந்த வருஷம் போன இரண்டாம் நாளே எனக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. ஓடை அறுத்துவிட்ட செங்குத்தான கரை, நான் இறங்க முடியாது. கரை மேலே ஒரு கருவேல மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டேன். அவர் கயிறு கட்டி இறங்கினார். மேலே இருந்து எனக்கு அவர் தலைகூடத் தெரியாது.

"பட்டை பட்டையா தெரியுதில்ல? ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு நம்பர் வெச்சுக்குங்க. எதுல எடுத்தீங்களோ அந்த நம்பரக் கல்லுலயே பெயின்ட்ல எழுதிடுங்க. ஒண்ணோட ஒண்ணு கலக்கக் கூடாது" என்று மேலிருந்து கத்தினேன்.

ஒரு பட்டையும் கலக்காமல் எழுதினார். ஒன்று முதல் ஆறு வரை, வெல்டர் கை எழுத்து, இன்றுவரை அழியவில்லை. சாக்கு சாக்காகக் கட்டி மேலே அனுப்பினார். நடுவில் ஒரு தடவை, "ஆறுல தண்ணி கீது, சாக்கு நனஞ்சிருக்கும், பாத்து தூக்கு" என்று கீழே இருந்து குரல் வந்தது. இந்த ஓடைக்கு ஆறு என்று பெயரா என்று நான் சிரித்தேன். சிப்பிப் பட்டை மூன்றாம் நம்பர். என் சங்குகள் எல்லாம் ஐந்திலும் ஆறிலும் வந்தன. மறு வருஷமே சுண்ணாம்புக்கல் எடுக்கிறவர்கள் அந்தக் கரையை வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது அங்கே ஒரு பெரிய குழியும் பச்சைத் தண்ணீரும்தான் இருக்கிறது.

கட்டுரையை எழுதி முடித்து ஒரு ஆய்விதழுக்கு அனுப்பினேன். பல மாதம் கழித்து மதிப்பிட்டவரின் குறிப்பு வந்தது. யார் என்று சொல்லமாட்டார்கள். தன்மையான மனிதர்தான் என்று எழுத்தில் தெரிந்தது. ஓட்டில் உள்ள வேறுபாடுகள் சிறியவையாக இருந்தாலும், சிப்பிப் பட்டைக்கு மேலே கிடைத்திருப்பதால் புதுப் பேரினம் என்ற முடிவை ஏற்கலாம் என்றும், எந்தச் சங்கு எந்தப் பட்டையில் கிடைத்தது என்று காட்டும் ஒரு படம் மட்டும் சேர்த்துவிட்டால் போதும் என்றும் எழுதியிருந்தார். நான் அன்றைக்குத்தான் பல நாள் கழித்து நன்றாகத் தூங்கினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேஜையில் படத்தை வரைந்துகொண்டிருந்தேன். தங்கம் பிரித்தெடுத்த மண்ணைக் கொட்டிய சயனைட் மேட்டிலிருந்து காற்று மண்ணை வாரிக்கொண்டு வந்ததால் ஜன்னலைச் சாத்திவிட்டு விளக்கைப் போட்டிருந்தேன். அவர் டீ கொண்டுவந்து வைத்தார். வைத்தவர் போகாமல் நின்றார்.

"இன்னா மா, தலகீழா போட்டுக்கினு கீற?"

"எது?"

"ஆறு மேல கீதே."

"ஆமா. ஒண்ணு கீழ, ஆறு மேல. அப்படித்தான வரும்?"

"ஒண்ணு எப்படிக் கீழ வரும்? எறங்க எறங்கதான நம்பரு ஏறும்?"

சாதாரணமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு டீயை ஆற்றிக் கொடுத்தார். நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

எங்கள் படிப்பில் அடியில் உள்ள பட்டைதான் முதலில் படிந்தது, அதுதான் வயதில் மூத்தது. ஆகவே ஒன்று அடியில் தொடங்கி மேலே ஏறும். எந்தக் கல்லூரியில் கேட்டாலும் இதையே சொல்வார்கள். ஆனால் தங்கவயல் சுரங்கத்தில், அடுக்கடுக்காகக் குடைந்த லெவல்கள் தரையிலிருந்து கீழே எண்ணப்படும். கூண்டில் ஏறி இறங்குகிறவனுக்கு முதலில் வருவது ஒன்றாம் லெவல், அப்புறம் இரண்டு, அப்புறம் மூன்று. எண் பெரிதாகப் பெரிதாக ஆழம், சூடு. இந்த ஊரில் லைன் வீட்டில் பிறந்த எந்தக் குழந்தையைக் கேட்டாலும் அது இதைச் சொல்லும். நான் லைன் வீட்டில் பிறக்கவில்லை. நான் அவரிடம் நம்பர் போடச் சொன்னேன், எந்தப் பக்கத்திலிருந்து என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, கேட்க வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை. எங்கள் இருவருக்கும் அது கேள்வியே இல்லை.

"ஆறாவது பட்டை எங்க இருந்துச்சுங்க?" என்று கேட்டேன்.

"அடியிலதான். முட்டி வரைக்கும் தண்ணில நின்னுக்கினு தோண்டினேன். கத்தினேனே, ஆறுல தண்ணி கீதுன்னு. நீ கூட சிரிச்சியே."

நான் எழுந்து போய்ப் பீரோவுக்கு அடியிலிருந்த மரப்பெட்டியை இழுத்தேன். ஆறாம் நம்பர் சங்கு ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சுருளின் மடிப்புகளில் கருஞ்சாம்பல் நிறக் களிமண் இறுகிப் போயிருந்தது. ஒன்றாம் நம்பர்ச் சில்லுகளில் மஞ்சள் மணல். அந்த வட்டாரத்தில் சிப்பிப் பட்டைக்குக் கீழே சாம்பல் களிமண், மேலே மஞ்சள் மணல். மூன்றாம் வருஷப் பிள்ளைகளுக்கு நானே நடத்துகிற பாடம். இந்தக் களிமண்ணை நான் பார்க்காமல் இல்லை. கட்டுரையில் அதற்கு ஒரு பத்தியே எழுதியிருக்கிறேன். கடல் ஒருமுறை ஒதுங்கி மணல் படிந்தது, மறுபடி ஆழமாகிக் களிமண் இரண்டாம் தடவை படிந்தது என்று அழகாக விளக்கியிருக்கிறேன். இல்லாத கடலை நானே ஏற்றி நானே இறக்கியிருக்கிறேன்.

ஆக என் சங்குகள் சிப்பிப் பட்டைக்குக் கீழே கிடைத்தவை. பழைய பேரினம் எங்கே கிடைக்க வேண்டுமோ அங்கேயே கிடைத்தவை. அப்படியானால் முடிச்சு தேய்ந்துதான் போயிருக்கிறது, மேடு வயதாகித்தான் பிளந்திருக்கிறது. இது வேறு ஒன்றில்லை. அதேதான்.

அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது, துக்கம் இல்லை. அவர் மேல் வந்தது. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கத்தினேன். எதைச் சொல்வது என்று அவர் விழித்தார். பிறகு என் மேல் வந்தது. பிறகு மேலிருந்து எண்ணச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போன வெள்ளைக்காரன் மேல் வந்தது, கீழிருந்து எண்ணச் சொன்னவனும் வெள்ளைக்காரன்தான் என்று நினைத்தபோது சிரிப்பும் வந்தது. மத்தியானம் சமைக்கவில்லை. அவர் கடைக்குப் போய் இட்லி வாங்கிவந்து மேஜையில் வைத்துவிட்டு, தள்ளி உட்கார்ந்துகொண்டார். வெகுநேரம் கழித்துக் கேட்டார்.

"இது வேற யாருக்குனா தெரியுமா?"

"உங்களுக்கும் எனக்கும்தான்."

"அந்தக் கரையும் இப்ப இல்ல."

"இல்ல."

"அப்ப எனக்கு ஞாபகம் சரியில்லன்னு வெச்சிக்கோ. வயசாச்சி. எவன் வந்து கேக்கப் போறான்?"

நான் எழுந்து சங்குப் பெட்டியைப் பீரோவுக்கு அடியில் தள்ளினேன். அதையே அவர் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டார் போல. மறுநாள் அந்தப் படத்தை, ஒன்று கீழே ஆறு மேலே என்றிருந்ததை, அப்படியே அனுப்பிவிட்டேன். அனுப்பியது பொய் என்று தெரிந்தேதான் அனுப்பினேன். களைத்துப்போனவர்களுக்குப் பொய் ஒரு நாற்காலி மாதிரி, முதலில் கொஞ்சம் உட்கார்ந்துகொள்ளலாம் என்றுதான் தோன்றுகிறது.

அதற்கப்புறம் சில வாரங்கள் நான் ஒழுங்காக இல்லை. ரயிலில் போனை எடுக்க மாட்டேன். வகுப்பில் பட்டைகளின் வரிசையைச் சொல்லும்போது நாக்கு குழறும். கரும்பலகையில் ஒன்று என்று எழுதிவிட்டு அடுத்த எண்ணை மேலே எழுதுவதா கீழே எழுதுவதா என்று நின்றிருக்கிறேன். பிள்ளைகள் மேடத்துக்கு உடம்பு சரியில்லை என்று பேசிக்கொண்டார்கள். வீட்டில் அவர் மட்டும் நன்றாக இருந்தார். யாரோ டீக்கடையில் "இன்னாண்ண, உங்க சங்கு இன்னா ஆச்சி?" என்று கேட்டதற்கு, "வருது வருது" என்றாராம். அதை வேறு வந்து என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார்.

ஒரு சனிக்கிழமை, அரை நாள் வேலை முடிந்து திரும்பும் ரயிலில், பங்காருபேட்டை வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஆய்விதழிலிருந்து போனில் கடிதம் வந்தது. கட்டுரை ஏற்கப்பட்டது. மதிப்பிட்டவர் படத்தைப் பார்த்துத் தம் ஐயம் தீர்ந்துவிட்டதாக எழுதியிருந்தார். வாழ்த்துகள் என்றும் ஒரு வரி சேர்த்திருந்தார்.

அந்த வாழ்த்தைத்தான் என்னால் தாங்க முடியாமல் போனது. முகம் தெரியாத ஒரு மனிதர், தம் வேலை நேரத்தில், என் படத்தை நம்பி, என் சங்கைத் தம் மனதில் சிப்பிப் பட்டைக்கு மேலே வைத்துவிட்டார். இனி அவர் தம்மிடம் படிக்கிறவர்களுக்கும் அப்படியே சொல்வார். நாளைக்கு எங்கோ ஒரு பெண் சாம்பல் களிமண்ணில் இதே சங்கைக் கண்டெடுத்து, தன் கண்ணைத் தானே நம்பாமல், இல்லாத கடல் ஒன்றை ஏற்றி இறக்கிக்கொண்டிருப்பாள். அவளை நினைத்துக்கொண்டே தட்டச்சு செய்ய ஆரம்பித்தேன். ரயில் நின்று புறப்படுவதற்குள் பதில் எழுதிவிட்டேன். பட்டைகளின் வரிசை தலைகீழாகிவிட்டது, இது புதுப் பேரினம் இல்லை, கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று நாலைந்து வரி. அனுப்பிவிட்டுப் போனைப் பையில் போட்டேன். அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். தூக்கம்தான் வந்தது. உரிகம் தாண்டியிருப்பேன், பக்கத்தில் இருந்த அம்மாள்தான் தட்டி எழுப்பினார்.

வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் அவரிடம் சொல்லிவிட்டேன். ஏற்றுக்கொண்டார்கள், நான் வேண்டாம் என்று எழுதிவிட்டேன், இரண்டையும் சேர்த்தே சொன்னேன். அவர் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

"உங்க ஞாபகம் சரியா இருந்துச்சுங்க. அதுக்கு மேல கேக்க என்ன இருக்கு?"

"எனக்கும் அதுல பங்கு கீது மா."

இவ்வளவு வருஷத்தில் அவர் என்னிடம் எதிலும் பங்கு கேட்டதில்லை. விகாரில் என்ன சொல்வது, டீக்கடையில் என்ன சொல்வது என்ற வெட்கம்தான் என்று நினைத்தேன். நானே வந்து சொல்கிறேன், நீங்கள் கவலைப்படாதீர்கள் என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

"அது கெடக்குது. எங்க தாத்தா சொரங்கத்துல எறங்கினாரு. எங்கப்பா எறங்கினாரு. எங்கண்ணன் எறங்கினான். என் முறை வந்தப்ப ஆள் எடுக்கறத நிறுத்திட்டாங்க. அம்மா சந்தோஷப்பட்டுச்சி, தப்பிச்சடான்னுச்சி. லைன்ல இருக்கறவங்க எல்லாம் லெவல் பத்தி பேசுவாங்க, நான் பக்கத்துல உக்காந்து கேட்டுக்கினு இருப்பேன். வாயத் தொறக்க முடியாது. எறங்காதவன் இன்னா பேசறது?" கொஞ்ச நேரம் சட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். "நான் எறங்கினது அந்த ஓடை ஒண்ணுலதான். கயிறு புடிச்சிக்கினு, ஒண்ணாம் லெவல், ரெண்டாம் லெவல்னு வாய் விட்டு சொல்லிக்கினே எறங்கினேன். ஆறு லெவல் எறங்கினேன். நீ மேல உக்காந்துக்கினு இருந்த."

எனக்கு இது தெரியாது. கரை மேல் இருந்தவளுக்கு, எழுதின நம்பர்கள் வந்தன, வாய் விட்டுச் சொன்ன லெவல்கள் வந்து சேரவில்லை. புதுப் பேரினத்தில் அவர் ஆசைப்பட்டது ஊர்ப் பெயருக்காக இல்லை, தானும் இறங்கினவன் என்று எழுத்தில் இருக்கட்டும் என்றுதான் என்பதும் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் மறுபடி இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொண்டார்.

சில நாள் கழித்து ஆய்விதழ்க்காரர்கள் நன்றி சொல்லி எழுதினார்கள். புதுப் பேரினம் இல்லையென்றாலும், அந்தக் கரை இனி இல்லாததால், பழைய பேரினத்தின் நல்ல சங்குகள் கிடைத்ததைப் பற்றி ஒரு சிறு குறிப்பு அனுப்பலாம் என்றும் கேட்டிருந்தார்கள். எனக்கு அலுப்பாக இருந்தது. தொப்புள், விலா, வயிறு, தையல் என்று மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டும், இந்தத் தடவை எல்லா வேறுபாட்டையும் அழித்து எழுத வேண்டும். ஆனாலும் உட்கார்ந்தேன். யாரோ என்றைக்கோ வைத்த பெயரை ஒவ்வொரு சங்குக்கும் நேரே எழுதினேன்.

கடைசியில் படம். புதிதாக ஒரு தாள் எடுத்து, கரையின் பட்டைகளை வரைந்து, நடுவில் சிப்பிகளைப் போட்டேன். அவர் பின்னால் வந்து நின்றார். நான் மேல் பட்டையிலிருந்து நம்பர் போடப் போனேன்.

"உங்காளுங்க இத ஒத்துக்குவாங்களா?" என்றார்.

"ஒத்துக்க மாட்டாங்க. மாத்தச் சொல்லுவாங்க."

"மாத்திடுவியா?"

பேரினத்தை விட்டுக்கொடுத்துவிட்டேன், பெயரை விட்டுக்கொடுத்துவிட்டேன், அந்த வருஷங்களையும் விட்டுக்கொடுத்துவிட்டேன். இதை எத்தனை தடவை திருப்பி அனுப்பினாலும் மாற்றுவதாக இல்லை. மேல் பட்டைக்கு நேரே ஒன்று என்று எழுதி, லெவல் என்ற சொல்லையும் சேர்த்து எழுதினேன். அவர் என் தோளுக்கு மேலாகக் குனிந்து, மெல்லிய குரலில் எண்ணிக்கொண்டே, ஆறு வரைக்கும் என்னோடு இறங்கினார்.